ஸஹாப்தீன் முதலாளியின் அமுக்கு மெஷின்

கொழும்புக்குப் போன லொறி மறுநாள் பின்நேரம் பதுளைக்குத் திரும்பி வந்தபோது, போகும்போது ஏற்றிவிட்ட ஸ்பிரிங் அத்தனையும் அப்படியே அதன் முதுகில் இருந்தது.

பழைய இரும்புக் கடை வாசலில் நின்ற ஸஹாப்தீன் அதைப் பார்த்து, லொறி கொழும்புக்கே போகவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்.

"என்னா கந்தப்பன், வழியில உடைஞ்சிதா?"

"இல்லைங்க மொதலாளி. போயிட்டுத்தான் வாறேன்," என்றான் லொறிச் சாரதி கந்தப்பன்.

"அப்ப ஏன் எறக்கல்ல?"

கந்தப்பன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். அதையும் அவசரப்படாமல் சொல்வான். தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டான்.

"கம்பெனித் தராசுல ஏத்துனாங்க. லொறி நெறைஞ்சு வழியுது, எடை எட்டு அந்தர்தான் காட்டுச்சு, அரை டன்னுகூட இல்லை. 'நூத்தம்பது மைலு காத்தையா ஏத்திக்கிட்டு வந்தே? அமுக்கி, கட்டியாக் கொண்டு வந்தாத்தான் இனி எடுப்போம்'னு சொல்லிட்டாங்க."

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து மூன்றாம் வருஷம் அது. துரைமார் போன பிறகு நமுனுகுலப் பக்கத்துப் பங்களாக்களில் கிடந்த கட்டில், மெத்தை, அலுமாரி எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஸ்பிரிங் மெத்தைகளுக்கு ஸஹாப்தீன் ஒருவர்தான் கை தூக்கினார். வேறு யாரும் தூக்காததைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தார். அதற்கு ஏதாவது காரணம் இருக்கலாம் என்று யோசிக்கிற வழக்கம் அவருக்கு அன்று வரை இருக்கவில்லை.

மெத்தைத் துணியையும் தும்பையும் உரித்து எறிந்த பிறகு மிஞ்சியவைதான் அந்த ஸ்பிரிங்குகள். உடுக்கை மாதிரி இடை சிறுத்தவை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் நாற்பது கூடவே வந்தன. அந்த நாற்பதைப் பிடித்து உலுக்கினால் மொத்தக் குவியலும் தலையாட்டியது. லொறியில் ஏற்றியது பாதிதான். மீதிப் பாதி ஏற்கெனவே கடையும் வீடும் சேர்ந்த வளவை நிறைத்திருந்தது. இப்போது திரும்பி வந்த பாதிக்கு இடம் இல்லாமல், கிணற்றடி, குசினி வாசல், உடுப்புக் காயப்போடும் கொடி என்று எல்லா இடத்துக்கும் அது பரவியது.

சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸுபைரா குசினிக் கதவைத் திறந்து பார்த்தாள். கதவு பாதிதான் திறந்தது.

"இதெல்லாம் எப்ப போகும்?"

"அமுக்கினாப் போகும்."

"யாரு அமுக்குறது?"

அன்றைக்கு ஸஹாப்தீனின் உடம்பு பதினாறு கல் நிறை, நூறு கிலோவுக்கு மேல். இருபது வருஷமாகத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துச் சேர்த்த உடம்பு. குவியலின் மேல் ஒரு பலகையைப் போட்டார். ஸுபைரா பார்க்கும்படியாக அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். குவியல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. "பாத்தியா," என்று சொல்லத் திரும்பினார். அந்தத் திரும்பல்தான் பிழை. பலகை ஒரு பக்கம் சரிந்தது. மறுபக்கத்து ஸ்பிரிங்குகள் அவரை மெதுவாக, மரியாதையாக என்றுகூடச் சொல்லலாம், தூக்கிக் கிணற்றடிச் சேற்றில் உட்கார வைத்தன. வலது கால் முழங்கால் வரை ஒரு ஸ்பிரிங்குக்குள் இருந்தது. அந்த ஸ்பிரிங் மற்ற நாற்பதோடு சேர்ந்திருந்தது.

ஸுபைரா குறடு எடுத்து வந்தாள். அந்த ஒன்றை மட்டும் வெட்டி, காலை வெளியே எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸஹாப்தீன் வீரய்யாவுக்கு ஆள் அனுப்பினார். வீரய்யா ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் தேயிலைப் பெக்டரி ஒன்றில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்ந்த மனிதர். வளவைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஸ்பிரிங்கை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார்.

"எங்க ஊருப் பேர்லயே ஸ்பிரிங் இருக்குங்க மொதலாளி. இதுக்கா பயப்படுவேன்?"

ஒரு மெஷினைக் கட்டுவதற்கு வேண்டிய எல்லாம் கடையிலேயே இருந்தது. தேயிலை உருட்டும் பழைய ரோலர் ஒன்று, பித்தளைத் தட்டோடு, கடை மூலையில் கிடந்தது. பழைய தண்டவாளத் துண்டுகள் நாலு தூணாயின. எங்கிருந்தோ வந்த ஒரு பாலத்து இரும்பு குறுக்குச் சட்டமாயிற்று. ஆள் தொடை மொத்தத்தில் ஒரு திருகாணித் தண்டு. அதன் தலையில் இரண்டு பேர் சுற்றி நடந்து திருகுகிற மாதிரி ஒரு சக்கரம். கீழே, கதவு வைத்த இரும்புப் பெட்டி. பெட்டியில் ஸ்பிரிங்கைப் போட்டுக் கதவைப் பூட்டி, மேலே திருகினால் பித்தளைத் தட்டு இறங்கி அமுக்கும்.

வெள்ளோட்டத்துக்கு முழுத் தெருவும் வந்தது. அதற்கு ஸஹாப்தீன்தான் காரணம். ஒன்பது நாளாக வழியில் கண்ட எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எதிரில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஜௌபர், கடையைப் பாதி மூடிவிட்டு வந்து முன்னால் நின்றான்.

சக்கரம் சுற்றியது. தட்டு இறங்கியது. பெட்டிக்குள் ஸ்பிரிங் முனகியது, பிறகு முனகலும் நின்றது. வீரய்யா பெட்டி இடுக்கில் கையை வைத்து அளந்து, ஒரு சாணைக் காட்டினார். ஆள் உயரம் இருந்தது ஒரு சாணாகிவிட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். ஸஹாப்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"திறங்க," என்றார்.

தட்டை உயர்த்திக் கதவைத் திறந்தார்கள். பெட்டிக்குள் இருந்த ஸ்பிரிங் நல்ல தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரு தரம் நெளிந்தது. பிறகு எழுந்து, நிமிர்ந்து, கதவு வழியாக வெளியே வந்து, முன்னால் நின்றவர்களின் காலடி வரை படுத்துக்கொண்டது. போட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

ஜௌபர் குனிந்து தன் செருப்பை அதற்குள்ளிருந்து விடுவித்துக்கொண்டான்.

"அமுக்குறது நம்ம வேலைங்க," என்றார் வீரய்யா. "அமுங்கிக் கெடக்குறது அதோட வேலை. அதைத்தான் அது செய்ய மாட்டேங்குது."

"அப்ப என்னா செய்வோம்?"

"கட்டிப் போடுவோம்."

பெட்டியில் பிளவுகள் வெட்டி, அமுக்கிய நிலையிலேயே கம்பி விட்டு இறுக்கிக் கட்டினார்கள். இந்தத் தடவை கதவைத் திறந்தபோது கட்டி கட்டியாகவே வந்தது. மூன்று நாளில் ஆறு கட்டிகள். ஸஹாப்தீன் அவற்றைக் கடை வாசலில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வேலை இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். கட்டி வருகிறது என்று கொழும்புக் கம்பெனிக்கும் ஒரு தந்தி அடித்தார். இரவில் ஸுபைராவிடம், "நான் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பேன்," என்றார்.

"படிக்காமலே குசினி வரைக்கும் வந்திட்டீங்க," என்றாள் அவள்.

நாலாம் நாள் வெயில் நன்றாக ஏறியது. பதுளையில் அப்படி வெயில் எறிப்பது அபூர்வம். பத்து மணி அளவில் முதலாம் கட்டியின் கம்பி ஒன்று டக் என்று அறுந்தது. ஸஹாப்தீன் எழுந்து போய், அறுந்த இடத்தைக் கையால் பொத்திப் பிடித்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் கம்பி அறுந்தது. முதலாம் கட்டி விரிந்து இரண்டாம் கட்டியை இடித்தது. அது மூன்றாவதை இடித்தது. ஆறாம் கட்டிக்கு இடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அது எழுந்து தெருவைக் கடந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜௌபர் தன் கடையிலிருந்து நடந்து வந்தான். கையில் ஒரு ஸ்பிரிங். அதன் நுனியில் ஒரு உழுந்து வடை குத்தியிருந்தது.

"நாநா, இது ஒங்கட," என்றான். கொஞ்சம் யோசித்து, "வடை என்ட," என்று வடையைக் கழற்றிக்கொண்டு போனான்.

கன்னத்தில் கீறலோடு ஸஹாப்தீன் வீரய்யாவைப் பார்த்தார். வீரய்யா மெஷினைப் பார்த்தார்.

"மெஷின்ல பெழை இல்லைங்க," என்றார். "ஸ்பிரிங்குல உயிரு இருக்கு. அதை எடுத்துட்டோம்னா சரி."

"எப்படி எடுக்கிறது?"

"சுட்டு எடுக்கணும். பழுக்கக் காய்ச்சி ஆற விட்டா, இரும்பு செத்துப் போயிரும். அப்புறம் களிமண்ணு மாதிரிச் சொன்னதைக் கேக்கும்."

சரியான யோசனைதான். எரிப்பதற்குத்தான் போதிய விறகு இல்லை. கடையில் பழைய டயர்கள் நிறையக் கிடந்தன. ஸஹாப்தீன்தான் அதைச் சொன்னார். சொன்னது மட்டுமல்ல, நெருப்பு வைத்ததும் அவர்தான். அன்று வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு நினைவு வந்தபோது நேரம் பதினொன்றரை.

கரும்புகை முதலில் நேராக மேலே போனது. பிறகு மனம் மாறித் தெருவுக்குள் இறங்கியது. ஜுமுஆத் தொழுகைக்கு வெள்ளை உடுத்துப் புறப்பட்டவர்கள் தெருவின் ஒரு முனையில் நுழைந்தார்கள், மறுமுனையில் வேறு நிறத்தில் வெளியேறினார்கள். தெரு முழுவதும் கொடிகளில் காய்ந்த துணி கறுத்தது. பள்ளிவாசலில் ஸஹாப்தீன் உட்கார்ந்த வரிசையில் அன்று இடம் தாராளமாக இருந்தது. தொழுது முடித்து ஸலாம் கொடுக்கத் திரும்பியபோது வலப்பக்கமும் இடப்பக்கமும் யாருமில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஸுபைரா ஒரு பெட்டியோடு நின்றாள்.

"நான் பண்டாரவளைக்குப் போறேன். கூடப்பொறந்த நாநா வீட்டுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"முற்றம் எனக்குக் கண்ணால தெரியிற நாளைக்கு வாறேன். அது வரைக்கும் ஒங்கட சோத்தையும் அந்த மெஷினையே ஆக்கச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பெட்டியோடு போனது அதுதான் முதல் தடவை. பஸ் மறையும் வரை சந்தியில் நின்றுவிட்டு வந்து, குசினியில் ஒரு பாணைப் பிய்த்து வெறும் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார். ஸ்பிரிங்குக்கு இவ்வளவு செய்கிறவன் அவளுக்கு ஒரு கொடிக் கயிறாவது வேறு இடத்தில் கட்டிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றுவதெல்லாம் அவருக்கு ஒரு நாள் பிந்தித்தான் தோன்றும்.

டயர் நெருப்பு வெளிப்பக்கத்து ஸ்பிரிங்கை மட்டும்தான் கொன்றிருந்தது. நடுவில் இருந்தவை உயிரோடு இருந்தன. அது தெரியாமல் மறுநாள் இரண்டையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுத் திருகினார்கள். செத்தவை மடங்கித் திருகாணித் தண்டைச் சுற்றிக்கொண்டன. உயிரோடு இருந்தவை அடியிலிருந்து தட்டை ஒரு பக்கமாகத் தூக்கின. பாதியில் ஏதோ முறிந்த சத்தம். அதோடு மெஷின் நின்றது. சக்கரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கதவு உப்பிப் போய் நின்றது.

"இப்ப பாருங்க மொதலாளி," என்றார் வீரய்யா. "அமுங்கித்தான் கெடக்கு. வெளிய வரல்ல."

"வெளிய எடுக்க ஏலுமா?"

"அது ஏலாதுங்க."

திங்கட்கிழமை காலை மெயில் கோச்சியில் ஒருவர் பதுளை ஸ்டேஷனில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். மடிப்புக் கலையாத காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை, கையில் குடை. கொழும்புக் கம்பெனியிலிருந்து வருவதாகவும் பெயர் மர்ஸூக் என்றும் சொன்னார்.

"கட்டி அனுப்புறதாச் சொன்னீங்க, ஒண்டும் வரல்ல. அதான் பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தேன்."

பொய் சொல்லலாமா என்று ஸஹாப்தீன் ஒரு நிமிஷம் யோசித்தார். வளவு முழுக்க ஸ்பிரிங் கிடக்க, என்ன பொய்யைத்தான் சொல்வது? ஆதியோடந்தமாக நடந்ததைச் சொன்னார். கால் மாட்டியதைச் சொன்னார். வடையைச் சொன்னார். பள்ளிவாசல் வரிசையையும் விடவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. மர்ஸூக் சிரிக்கவில்லை. அவர் பார்வை மெஷின் மேல் இருந்தது.

"இது நீங்க கட்டினதா?"

"நானும் இந்த வீரய்யாவும்."

மர்ஸூக் குடையைச் சாத்தி வைத்துவிட்டு மெஷினை ஒரு சுற்றுச் சுற்றினார். சாவிக்கொத்தை எடுத்துத் தூணைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"தண்டவாளமா?"

"ஓம், பழைய தண்டவாளம். நாலும் ஒரே வகை."

பேனாக்கத்தியால் தட்டின் ஓரத்தைச் சுரண்டினார். மஞ்சளாகப் பளிச்சிட்டது.

"பித்தளை. முழுத் தட்டுமா?"

"முழுத் தட்டும்," என்றார் ஸஹாப்தீன். குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அந்தக் காலத்துச் சீமைச் சாமான்."

மர்ஸூக் திருகாணித் தண்டைக் கையால் வளைத்து மொத்தம் பார்த்தார். ஒரு மரையாணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். கொப்பியில் எழுதினார். ஸஹாப்தீனுக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. ஸஹாப்தீனும் இருபது வருஷமாக இப்படித்தான் தட்டியும் சுரண்டியும் பார்த்து வருகிறார். தொழில் தெரிந்த ஒருவன் தன் வேலையை இப்படி அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

"இப்படி ஒரு மெஷின நான் எங்கேயும் பாத்ததில்ல," என்றார் மர்ஸூக்.

ஸஹாப்தீன் வீரய்யாவைத் திரும்பிப் பார்த்தார். வீரய்யா தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது இஞ்ச கிடந்து துருப்பிடிக்கக் கூடாது. நாங்க எடுக்கிறோம். வளவுல கிடக்கிற ஸ்பிரிங்கையும் சேத்து, எல்லாத்துக்கும் ஒரே விலை பேசுவோம்."

"உள்ள கொஞ்சம் சிக்கியிரிக்கி. கதவு திறக்க ஏலா."

"திறக்கத் தேவையில்ல. அப்படியே அனுப்புங்க. மிச்சத்த எங்கட ஆக்கள் பாத்துக்குவாங்க."

அவர் சொன்ன விலை, ஸஹாப்தீன் கேட்க நினைத்து வெட்கப்பட்டு விட்டுவிட்ட விலையைவிட மேலே இருந்தது.

இரண்டு நாளில் கம்பெனியின் பெரிய லொறி வந்து, வளவில் கிடந்த ஸ்பிரிங்கையெல்லாம் இரண்டு நடையாக அள்ளிக்கொண்டு போனது. மெஷினை மட்டும் கந்தப்பனின் லொறியில்தான் ஏற்ற வேண்டும் என்று ஸஹாப்தீன் பிடிவாதமாக நின்றார். அந்நிய லொறியில் அனுப்ப மனம் வரவில்லை. இருபத்தாறு பேர் சேர்ந்து சங்கிலி போட்டு ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்னால் வீரய்யா ஒரு கூச்சத்தோடு வந்து நின்றார்.

"மொதலாளி, நம்ம பேரை ஒரு ஓரத்துல எழுதிவிட்டா என்னங்க? பின்னால பாக்குறவங்களுக்குத் தெரியணும் பாருங்க."

பச்சைப் பெயின்டில் இருவர் பெயரையும் எழுதி, அடியில் பதுளை என்றும் போட்டார்கள்.

ஸஹாப்தீன் பண்டாரவளைக்கு ஆள் விட்டார். ஸுபைரா வந்து, வளவில் நின்று முற்றத்தைப் பார்த்தாள். மண் தெரிந்தது. கிணற்றடியில் ஒரு புதுக் கொடிக் கயிறு கட்டியிருந்தது.

"இங்க பாருங்க," என்றாள். "அந்த மெஷினால செஞ்சதுல ஒரு கட்டியாவது கட்டியா நிண்டிச்சா?"

"கட்டி பெரிசில்ல ஸுபைரா. யோசனை இரிக்கே, அதுக்குத்தான் அவங்க விலை குடுக்கிறாங்க. அங்க வச்சு, சின்னச் சின்னத் திருத்தம் செஞ்சு, நாடு முழுக்க இதே மாதிரிச் செய்வாங்க போல."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்ப் பாயாசத்துக்கு அடுப்பு மூட்டினாள்.

மறுநாள் பின்நேரம் கந்தப்பன் திரும்பி வந்தபோது ஜௌபரின் தேத்தண்ணிக் கடையில் முழுத் தெருவும் கூடியிருந்தது. டயர்ப் புகையை ஏறக்குறைய எல்லாரும் மன்னித்திருந்தார்கள். வீரய்யா சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். ஜௌபர் கந்தப்பனுக்குக் கேட்காமலே ஒரு தேத்தண்ணி வைத்தான். கந்தப்பன் அதைப் பாதி குடிக்கும் வரை ஸஹாப்தீன் பொறுத்திருந்தார்.

"பத்திரமா எறக்கினாங்களா கந்தப்பன்?"

"எறக்குனாங்க மொதலாளி. கிரேன் வச்சு எறக்குனாங்க."

"கிரேன் வச்சு," என்று ஸஹாப்தீன் மற்றவர்களிடம் சொன்னார். "பாக்க ஆக்கள் வந்தாங்களா?"

"வந்தாங்க. வேலையெல்லாம் விட்டுட்டு ஒரு இருபது பேரு சுத்தி நின்னாங்க. அந்த மர்ஸூக் ஐயாவும் நின்னாரு."

"என்னா சொன்னாரு?"

"'நல்ல சாமான்'னு சொன்னாரு."

வீரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸஹாப்தீன் அவர் தோளில் கை வைத்தார்.

"மெஷின ஓட்டிப் பாத்தாங்களா?"

கந்தப்பன் மீதித் தேத்தண்ணியையும் குடித்து முடித்து, கிளாசை மேசையில் வைத்தான்.

"ஓட்டுனாங்க மொதலாளி, அவங்களுக்குப் புதுசா வந்திருக்கிற அமுக்கு மெஷின ஓட்டுனாங்க, ஒங்களோடத அப்படியே தூக்கி அதுக்குள்ள போட்டாங்க, அரை நிமிஷத்துல மெஷினும் ஸ்பிரிங்கும் ஒண்ணாச் சேந்து ஒரு தேயிலைப் பெட்டி அளவுக்கு அடங்கிருச்சு, இந்தத் தடவ ஒண்ணுகூட எந்திரிச்சு வரல்லைங்க."